வீட்டுக் கணக்கில் மறையும் பெண்

டிஜிட்டல் மாற்றத்துக்கான அரசுக் கொள்கையில் பாலினச் சமத்துவம் என்ற பொருளில் பேசப் பணித்திருக்கிறீர்கள். பரந்த பொருள் இது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரசு தன் சேவைகளைக் கைபேசிக்கும் இணையத்துக்கும் மாற்றும்போது யாரை எண்ணுகிறது? வீட்டையா, அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்ணையா? வீட்டை எண்ணியதும் பெண்ணையும் எண்ணியாகிவிட்டது என்று நம் கொள்கை முடிவு செய்துவிடுகிறது. இந்தத் திட்டங்களில் பெண்களுக்கு நேரும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிழையிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் வாதம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025 ஜனவரி முதல் மார்ச் வரை தொலைத்தொடர்பு குறித்து நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. இந்திய வீடுகளில் 86 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் இணைய வசதி இருக்கிறது, 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஒரு ஸ்மார்ட்போனாவது இருக்கிறது என்று அது சொன்னது. பெருமைப்படத்தக்க எண்கள்தான். அதே கணக்கெடுப்பின் இன்னொரு பகுதி, சொந்தமாகக் கைபேசி வைத்திருப்பவர்களை ஆள்வாரியாகத் தருகிறது. கிராமப்புறத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 80.7 விழுக்காட்டினரிடம் கைபேசி இருக்கிறது, பெண்களில் 48.4 விழுக்காட்டினரிடம்தான் இருக்கிறது. நகரத்தில் ஆண்கள் 90 விழுக்காடு, பெண்கள் 71.8 விழுக்காடு. இரண்டு பகுதிகளும் ஒரே வீடுகளைப் பற்றியவை. கிராமத்து வீடுகள் பெரும்பாலானவற்றில் கைபேசி நுழைந்துவிட்டது. அங்கே வாழும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கைக்கு அது வந்து சேரவில்லை. முதல் வகை எண்ணை வைத்துத் திட்டம் தீட்டுகிறோம். இரண்டாம் வகை எண்ணில் வாழ்பவர்கள் அதன் பலனைத் தேடி அலைகிறார்கள்.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் ஏறத்தாழ 79 விழுக்காடு. தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 விழுக்காடு. ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர். ஆண்களில் அது 57 விழுக்காடு. தமிழ்நாடு இதைவிட மேலான நிலையில் இருக்கிறது: பத்தில் ஒன்பது பெண்களுக்கு வங்கிக் கணக்கு, நான்கில் மூவருக்குக் கைபேசி. ஆனால் இங்கும் இணையத்தைத் தொட்ட பெண்கள் பாதிக்கும் குறைவு. வங்கிக் கணக்குக்கும் கைபேசிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பணம் பெண்ணின் பெயருக்கு வருகிறது. பணம் வந்த செய்தியும், அதை எடுக்கவோ மாற்றவோ தேவைப்படும் ஓடிபி எண்ணும் வேறொருவரின் கைபேசிக்குப் போகின்றன.

கைபேசி எண் எப்போது குடிமக்களின் அடையாளமாயிற்று? எந்தச் சட்டமும் அப்படி விதிக்கவில்லை. டிஜிட்டல் இந்தியா தொடங்கிய 2015ஆம் ஆண்டில் ஜன்தன் கணக்கு, ஆதார், கைபேசி மூன்றையும் இணைத்து ஒரு கட்டமைப்பாகப் பேசத் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு துறையும் தன் வசதிக்காக ஓடிபியை வாசற்படியில் வைத்தது. சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டைத் திருத்தம், எரிவாயு முன்பதிவு, கல்வி உதவித்தொகை, ஓய்வூதியம் என எங்கு திரும்பினாலும் எண்ணைக் கேட்கிறார்கள். கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ கொடுத்த பெண்ணுக்கு, அவர் வெளியூரில் வேலையில் இருக்கும் நாளில் அரசு அலுவலகம் மூடிய கதவுதான். கணவருடன் பிணக்கு ஏற்பட்டுப் பிரிந்து வந்த பெண்ணின் நிலை இன்னும் கடுமையானது. தன் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் குழந்தையின் பள்ளிப் பதிவையும் திறக்க, எவரிடமிருந்து விலகி வந்தாரோ அவரிடமே போய் ஓடிபி கேட்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005இல் சட்டம் இயற்றிய நாடு, அந்தச் சட்டம் காக்க நினைக்கும் பெண்ணை இப்படி நிறுத்தி வைக்கலாகாது.

பெயர்ச் சிக்கலும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தமிழ்ப் பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், மணமான பிறகு குடும்ப அட்டையில் கணவரின் இனிஷியல், வங்கியில் இரண்டில் ஒன்று, ஆதாரில் அன்று பதிவு செய்த ஊழியர் தட்டியது. மனிதர்கள் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொண்ட இந்த வேறுபாடு, தரவுத்தளங்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும் காலத்தில் பொருந்தாமையாகிவிடுகிறது. ஆணின் இனிஷியலும் முகவரியும் திருமணத்தால் மாறுவதில்லை. அதனால் ஆணின் ஆவணங்கள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடுகின்றன. எவரும் பெண்ணுக்கு எதிராக இந்த மென்பொருளை எழுதவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண் உடைய ஒருவரை மனத்தில் வைத்து எழுதினார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். டிஜிட்டல் முறை வந்ததால்தானே பெண்ணின் கைக்கு நேரடியாகப் பணம் வருகிறது, இடைத்தரகர் ஒழிந்தார், ஜன்தன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை அல்லவா என்று கேட்பார்கள். உண்மை, முழு உண்மை. அதற்கு நல்ல ஆய்வுச் சான்றும் உண்டு. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் மத்தியப் பிரதேசத்தின் வட மாவட்டங்களில் செய்த ஆய்வு 2021இல் அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ இதழில் வெளியானது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியைக் குடும்பத்தின் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதைக் கையாளும் பயிற்சியும் கொடுத்தபோது, அந்தப் பெண்கள் அரசு வேலைக்கு மட்டுமின்றி வெளி வேலைக்கும் கூடுதலாகப் போனார்கள். பெண் வேலைக்குப் போவதைப் பற்றிய எண்ணங்களும் தளர்ந்தன. மிகக் கட்டுப்பாடான வீடுகளில் இருந்த பெண்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. கவனிக்க வேண்டியது, கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது மட்டும் இந்த விளைவைத் தரவில்லை. கணக்கும், அதில் நேரே விழும் கூலியும், பயிற்சியும் சேர்ந்தபோதுதான் தந்தது. ஆகவே இந்த ஆய்வு என் வாதத்துக்கு எதிரானது அன்று. அதன் முதல் தூண். தொழில்நுட்பம் வீட்டை விட்டுப் பெண்ணிடம் நேரடியாகப் பேசியபோது விடுதலை தந்தது. வீட்டின் வழியாகப் பேசும்போது அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த அதிகாரத்தையே பலப்படுத்துகிறது.

இந்த வேறுபாட்டை நம் கொள்கை வகுப்போர் உணர்ந்திருந்தால் 2017இல் தொடங்கிய பிரதமர் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் வேறு வடிவம் பெற்றிருக்கும். 6 கோடிப் பேருக்குப் பயிற்சி என்ற பெரிய இலக்கு அதற்கு. விதி என்ன? தகுதியுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர். பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று வழிகாட்டு நெறியில் இருந்தது. ஆயினும் வீட்டுக்கு ஒருவர் கற்றால் வீடு கற்றதாகும் என்பதே அதன் அடிப்படை. எழுத்தறிவு அப்படிப் பரவுவதில்லை. ஒரு வீட்டில் அண்ணன் படித்ததால் தங்கை படித்தவள் ஆனதில்லை என்பதை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் போராடித்தான் இந்த நாடு கற்றது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதற்கு மாறாக நின்றது. வீட்டில் கணினி இருக்கிறதா, அண்ணனிடம் ஒன்று இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியின் பிளஸ் டூ மாணவி என்றால் அவளுக்கு ஒன்று, அவள் பெயரில். அந்தத் திட்டத்தின் நிர்வாகக் குறைகளை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதன் அடிப்படை சரியானது என்பதை யாரும் போதுமான அளவு எழுதவில்லை.

காலம் போகப் போக விலை குறையும், இடைவெளி தானே மூடிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. 2016க்குப் பிறகு உலகிலேயே மிக மலிவான இணையக் கட்டணம் உள்ள நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆயிற்று. விலைதான் தடை என்றால் அந்த வீழ்ச்சி இடைவெளியை அடித்துச் சென்றிருக்க வேண்டும். 2015-16இல் தம் பயன்பாட்டுக்குக் கைபேசி வைத்திருந்த பெண்கள் 46 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளில் 54. எட்டுப் புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே வருமானத்தில், ஆணுக்கு இருந்து பெண்ணுக்கு இல்லாமற்போனால் அதை விலையால் மட்டும் விளக்க முடியாது. 2019இல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு சமூகத்தின் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அவர்கள் எவரும் விலையைப் பற்றிப் பேசவில்லை.

பகிர்ந்து வாழ்வது நம் பண்பாடு, ஆளுக்கொரு கைபேசி என்றால் குடும்பம் சிதறும் என்பது மூன்றாவது. இதை நல்ல மனத்தோடு சொல்பவர்கள் உண்டு. ஆகவே மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் குடும்பம் உடையும் என்ற எதிர்ப்பு அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஒலித்தது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் திருத்தி மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. மகளுக்குப் பங்கு வந்ததால் குடும்பம் என்ற அமைப்பு அழிந்துவிடவில்லை. பகிர்வு என்பது தனக்கென்று இருப்பதைப் பிறருக்குத் தருவது. தனக்கென்று எதுவும் இல்லாதவர் பகிர்வதில்லை, கேட்டுப் பெறுகிறார்.

இனி டிஜிட்டல் அரசை நாள்தோறும் இயக்குபவர்களைப் பற்றிப் பேச வேண்டும். மேலே நின்று பார்த்தால் அது செயலிகளும் சேவையகங்களும். கீழே வந்தால் அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர், ஊரக வேலைத் திட்டத்தின் பணித்தளப் பொறுப்பாளர். பெரும்பாலும் பெண்கள். 2021 மார்ச்சில் வந்த போஷான் டிராக்கர் செயலியில் ஏறத்தாழ 13 லட்சம் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தையின் எடை, உயரம், வருகை, உணவு என அனைத்தையும் பதிகிறார்கள். அந்த ஆண்டே மகாராட்டிரத்தில் பழுதடைந்த கைபேசிகளைப் பணியாளர்கள் கூட்டமாகத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். இவர்கள் இன்னும் அரசு ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி நிர்ணயித்த மதிப்பூதியமே மாதம் 4,500 ரூபாய்தான். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தரவு உழைப்பு முழுவதும் இந்த மதிப்பூதியத்துக்குள்ளேயே ஏற்றப்பட்டது. கூடுதல் மணி நேரத்துக்குக் கணக்கு இல்லை.

2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு, நம் ஊரில் சத்துமாவுக்கு, தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் பெறும் அந்த உணவு 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த உரிமை. அந்த உரிமைக்கும் அவளுக்கும் இடையே ஆதார் ஓடிபி, கேமரா, இணையத் தொடர்பு மூன்றும் வந்து நிற்கின்றன. முகம் பார்க்கும் மென்பொருள்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்கள் கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறின. வெளுத்த நிற ஆண்களிடம் தவறு ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. அங்கன்வாடியில் உள்ளது வேறு மென்பொருள், வேறு பணி. இந்த எண்ணை அப்படியே அங்கே பொருத்தக் கூடாது. ஆனால் இப்படி ஒரு சான்று உலகின் முன் இருக்கும்போது, கிராமத்துத் தாய்மாரிடம் எவ்வளவு தவறுகிறது என்று பகிரங்கமாகச் சோதித்துக் காட்டிய பிறகே கட்டாயமாக்கியிருக்க வேண்டும். பசியோடு வருபவர் மீது செய்யும் சோதனைக்கு இதைவிடக் குறைந்த முன்னெச்சரிக்கை இருக்க முடியாது.

மோசடியைத் தடுக்க வேறு வழி என்ன என்று நிர்வாகிகள் கேட்பார்கள். பொறுப்புள்ள கேள்வி. நூறு நாள் வேலை எனப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டத்தின் அனுபவத்தை வைத்தே பதில் சொல்லலாம். சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை கேட்டது. நாடு முழுவதும் பாதிக்கு மேலும், தமிழ்நாட்டில் எண்பது விழுக்காட்டுக்கு மேலும் பெண்களே வேலை செய்தார்கள். 2023 ஜனவரி முதல் ஏறத்தாழ எல்லாப் பணித்தளங்களிலும் செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை, இடக்குறிப்போடு தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. வேலையின் அளவுக்குத்தான் கூலி என்பதால், பெண்கள் விடியற்காலையில் வந்து அளந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார்கள், ஆடுமாடு பார்ப்பார்கள். இரண்டாவது படத்துக்காக அவர்கள் வேலை முடிந்த பின்னும் வெயிலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்மார்ட்போன் இல்லாத பெண் பொறுப்பாளர் அந்தப் பொறுப்பையே விட வேண்டி வந்தது. இவ்வளவுக்கும் பிறகு மோசடி நின்றதா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பொருத்தமற்ற படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று முறைகேடுகளைப் பட்டியலிட்டது. ஏமாற்ற நினைத்தவர் செயலியையும் ஏமாற்றினார். நேர்மையாக மண் வெட்டிய பெண்ணின் நேரமே பறிபோனது. ஊர் அறியக் கணக்கு வாசிக்கும் சமூகத் தணிக்கை அதே சட்டத்தில் இருந்தது. அதற்குப் பணமும் ஆளும் கொடுத்து வலுப்படுத்தியிருந்தால் செலவும் குறைவு, அவமதிப்பும் இல்லை.

நீதிமன்றங்கள் இந்தத் திசையில் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. 2018இல் ஆதாரை உறுதிசெய்த பெரும்பான்மைத் தீர்ப்பே, சரிபார்ப்பு தவறியது என்பதற்காகத் தகுதியுள்ளவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்றது. ரேஷன் கடையில் ‘ரேகை விழவில்லை’ என்று திரும்பிப் போகச் சொல்லப்படும் பாத்திரம் தேய்த்த கைகள், நாற்று நட்ட கைகள், முதிய கைகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில், பெண்கள் விடுதியில் மாலை நேரத்தில் கைபேசியைத் தடைசெய்த விதி நியாயமற்றது என்று கூறி, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அளித்த தீர்ப்பு எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், வங்கியின் டிஜிட்டல் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட இயலாமல் நீதிமன்றம் சென்றார். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, உச்ச நீதிமன்றம் 20 ஆணைகளைப் பிறப்பித்தது. வன்முறைக்கு ஆளான ஒரு பெண், சரிபார்ப்பு முறை எப்படி அமைய வேண்டும் என்ற விதியை நாட்டுக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

தமிழ்நாடு செய்ததிலிருந்தும் கற்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பியது. இணையத்தில் விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை; வீடு தேடி டோக்கன் கொடுத்து, பக்கத்திலேயே முகாம் போட்டுப் பதிந்துகொண்டது. பலன் இவ்வளவு பெரிதாக வந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நிராகரித்த செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்பியபோதும், மேல்முறையீட்டை இ-சேவை வழியே கேட்டபோதும், அதே திட்டம் கைபேசி இல்லாத பெண்ணை மறந்தது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற வரம்பும் வீட்டுக் கணக்குதான். 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தில் இந்தக் குறை எதுவும் இல்லை. பெண் ஏறுகிறார், நடத்துநர் சீட்டுக் கொடுக்கிறார். அட்டை வேண்டாம், எண் வேண்டாம், ரேகை வேண்டாம். எந்த இடத்தில் அடையாளம் கேட்கத் தேவையே இல்லை என்று தீர்மானிப்பதும் டிஜிட்டல் கொள்கையின் வேலைதான்.

ஆகவே என் கோரிக்கைகள் வெளிப்படையானவை. எந்தச் சேவையையும் கட்டாய டிஜிட்டல் ஆக்கும் முன், சொந்த எண் இல்லாத பெண் ஒருவர் யாருடைய துணையும் இன்றி அதைப் பெற முடிகிறதா என்று அந்தத் துறை களத்தில் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். ஓடிபி இல்லாத வழி ஒன்று, சட்டப்படியான உரிமையாக, ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்க வேண்டும். எண்ணிக்கைகள் வீடுவாரியாக அன்றி ஆள்வாரியாக, பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, மாற்றுத்திறனாளி, பட்டியல் சாதி, பழங்குடி எனப் பிரித்து வெளியாக வேண்டும். செயலியில் செய்யும் வேலைக்குக் கருவியும் ஊதியமும் அரசே தர வேண்டும்.

2023 செப்டம்பரில் புது தில்லியில் கூடிய ஜி-20 தலைவர்கள், டிஜிட்டல் பாலின இடைவெளியை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று உறுதி எடுத்தார்கள். அந்த மாநாட்டைத் தலைமையேற்று நடத்தியது நம் நாடு. நம் கிராமங்களில் கைபேசி உடைமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 2025 கணக்கெடுப்பின்படி 32 புள்ளி வேறுபாடு. இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரில் பலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். சிலர் அரசாணை எழுதுவீர்கள். படிவத்தில் கைபேசி எண்ணுக்கு நேரே கட்டாயம் என்று குறிக்கும் முன், அந்த எண் யாருடையது என்று ஒருமுறை கேளுங்கள். கிராம சபைக்குப் போகிறவர்கள் இதை அங்கேயும் கேளுங்கள்.